பந்தல் போட்டா ரோஹிணி

வரதய்யபாளையத்துப் பிரமிளாவுக்கு நாற்பத்தாறு வயது. எந்த வம்புக்கும் போகாதவள் என்று ஊரில் பேர். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவள் உள்ளுக்குள் குறுகிப்போவாள்.

பத்தொன்பது வயதில் அவள் ஒரு பாட்டுக் கட்டினாள். பக்கத்து வீட்டு ரோஹிணியின் கல்யாணம் மாப்பிள்ளை வராமல் நின்றுபோன வாரம் அது. நடவு வயலில் சிரிப்பு மூட்டுவதற்காகத்தான், தான் கட்டியதென்று சொல்லாமல் பாடினாள்:

"பந்தல் போட்டா ரோஹிணி, பூவும் வச்சா ரோஹிணி,
பஸ்ஸு வந்து நின்னுச்சே, மாப்ளே எங்கடி ரோஹிணி?"

மறுநாள் ரோஹிணி நடவுக்கு வந்தபோது வயல் முழுக்க அதே பாட்டு. தலை நிமிராமல் கடைசிக் கட்டு நாற்றுவரை நட்டுவிட்டுப் போனாள். அதன்பின் அவள் வயலுக்கே வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து நாராயணவனத்தில் வாழ்க்கைப்பட்டாள். பாட்டு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. இப்போது டிஜே கொட்டு சேர்த்துக் கல்யாண ஊர்வலங்களில் அதற்குத்தான் ஆட்டம்.

போன மாதம் திருப்பதியிலிருந்து மோனிகா என்ற ஆராய்ச்சி மாணவி அதைத் தேடிக்கொண்டு வந்தாள். "இது யாரு கட்டின பாட்டு?"

"யாரும் கட்டல. எப்பவும் இருக்கிறதுதான்" என்றார்கள் பெண்கள். பிரமிளாவும் தலையாட்டினாள். மோனிகா போனில் பதிவு செய்துகொண்டு, நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பிரமிளா நாராயணவனத்துக்குப் பஸ் ஏறினாள். ரோஹிணி வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாட்டு நான் கட்டினதுடி" என்றாள் பிரமிளா, உட்காராமலே.

"தெரியும். 'பஸ்ஸு'ன்னு அப்படி இழுக்கிறவ நீ ஒருத்திதான்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்துவே. மத்தவங்க நிறுத்துவாங்களா?" ரோஹிணி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் பையன் கல்யாணத்துலயும் அதைத்தான் போட்டானுங்க. எல்லாரும் ஆடிக்கினு இருந்தாங்க. நானும் நின்னுகினு கை தட்டினேன்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. "சோறு ஆக்கியிருக்கேன், துன்னுட்டுப் போ" என்றாள். பிரமிளா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே மோனிகாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "உங்க பேரைப் போடறேன் ஆன்ட்டி! எங்க யுனிவர்சிட்டி விழாவுல நீங்களே வந்து பாடணும்."

"பெருமைக்குச் சொல்லலம்மா. ஒருத்தியை அழவைக்கக் கட்டின பாட்டு இது. பேர் போட்டா அதையும் சேர்த்து எழுது."

மறுமுனையில் மோனிகா நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மறுபடி சொல்லுங்க ஆன்ட்டி, எழுதிக்கறேன்" என்றாள்.

பிரமிளா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.