பூத்ததும் வர்றேன்

எந்த ஊரிலும் நான் அதிக நாள் நிலைத்ததில்லை. ஜொகூரில் கோழிப் பண்ணை, கிள்ளானில் சாப்பாட்டுக் கடை, பிறகு பினாங்கில் ஒரு தங்கும் விடுதியின் சலவை அறை என்று போய்க்கொண்டே இருந்ததில், செடி வளர்க்க வாய்க்கவில்லை. ஆனாலும் யார் வீட்டு வாசலிலாவது ரோஜாத் தொட்டியைப் பார்த்தால் என் கை மொட்டைத் தேடிப் போகும். பறித்துக்கொள்ள அல்ல, கிள்ளி எறிய. சிடாம் கிரி பக்கம் எங்கள் லயத்து வீட்டில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வந்த பழக்கம் அது.

அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகும்வரை எங்களோடு இருந்தாள். வீட்டு முன் அஞ்சடித் திண்ணை முழுக்க அவள் செடிகள். பழைய சாய வாளிகளில் காகிதப்பூ, எண்ணெய் டின்களில் ஜப்பான் ரோஸ். ஆனால் சுங்கைப் பட்டாணி பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வந்த ஒட்டு ரோஜாவுக்குத்தான் ராஜ மரியாதை. மீன் கழுவிய தண்ணீர் அதற்கு, தேத்தூள் சக்கை அதற்கு, இடித்த முட்டை ஓடும் அதற்கே. பூத்தால் சந்தன நிறத்தில் பூக்கும்.

கல்யாணமாகி செமிலிங்குக்குப் போனபோது மற்ற செடிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். ரோஜா அப்போது வெட்டிவிட்ட குச்சியாக நின்றது. அதை வண்டியில் வைத்துக் குலுக்க மனமில்லாமல் என்னிடம் விட்டுப் போனாள்.

“பூத்துச்சுன்னா சொல்லு பாப்பா. வந்து தூக்கிட்டுப் போறேன்.”

நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மண்ணை ஒட்டி முரட்டுக் கிளைகள் கிளம்பின. கொஞ்ச நாளில் என் உயரத்தைத் தாண்டிவிட்டன. “ரோஜா வளக்கிறியா, மூங்கி வளக்கிறியா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். இலையும் முள்ளும் இருந்தன, பூ மட்டும் இல்லை.

ஒரு மத்தியானம், நான் சொல்லி அனுப்பாமலே அத்தை வந்து நின்றாள். கையில் ஒரே ஒரு பை. முழங்கைக்கு மேலே கன்றிப் போயிருந்தது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னாள், நான் நம்பினேன். அம்மா எதுவும் கேட்காமல் சோறு போட்டாள்.

சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அத்தை ரோஜாவைப் பார்த்தாள்.

“அடிப் பாவி, காட்டுக் குச்சிக்கா இவ்ளோ நாளா தீனி போட்ட?”

ஒட்டுக்குக் கீழே கிளம்புவது காட்டுச் செடியாம். அது பூக்காது, மேலே இருக்கும் நல்ல குச்சியையும் பட்டினி போட்டுவிடுமாம். மீன் வெட்டும் கத்தியை எடுத்து என் கிளைகளை எல்லாம் அறுத்துத் தள்ளினாள். நான் அழுதேன். கடைசியில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சியும் அதில் பச்சையாக ஒரு கணுவும் மிஞ்சின.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் புருஷன், மாமா, தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பா எழுந்து நாற்காலி கொடுத்தார். அப்பா கெட்டவர் அல்ல. மாப்பிள்ளை வந்தால் நாற்காலி கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

“புருஷன் பொண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும் லா,” என்றார் மாமாவின் அக்கா. “இதுக்கெல்லாம் பையத் தூக்கினா, ஊர்ல எவ வீட்ல இருப்பா?”

“இன்னிக்கே கிளம்பும்மா,” என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

அத்தை ரோஜா வாளியைப் பார்த்தாள். “ரோஜாவ இப்பதான் வெட்டி விட்டிருக்கேன் அண்ணே. விட்டுட்டுப் போனாலும் செத்துடும், அசைச்சாலும் செத்துடும். பூத்ததும் வர்றேன்.”

மாமா வாளியை, டயரில் காற்றுப் பார்ப்பதுபோல், காலால் தட்டிப் பார்த்தார். “எப்போ பூக்கும்?”

“அடிச்சா பூக்கும்? அதுவா பூக்கணும்.”

அம்மா தேத்தண்ணி கலக்கப் போனாள்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. பூத்தால் அத்தை போய்விடுவாள், பூக்காவிட்டால் இருப்பாள். அத்தை இருந்தால் தலைமுடி வலிக்காமல் சிக்கெடுப்பாள், படுக்கையில் என் பக்கம் திரும்பிப் படுப்பாள். ஆகவே குச்சி துளிர்த்துத் தழைத்த பிறகு, பள்ளிக்கூடம் போகுமுன் மிளகளவு மொட்டு கண்ணில் பட்டாலும் கிள்ளிக் காவாயில் போட்டேன்.

மாமா ஞாயிறுதோறும் வந்தார். முதலில் வாளியைப் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை. “இன்னும் இல்லியா?” என்று அப்பாவிடம் கேட்பார், அப்பாதான் பூக்க வேண்டும் என்பதுபோல. ஒருமுறை கடையிலிருந்து உரப் பொட்டலம் வாங்கி வந்து தன் கையாலேயே தூவினார். “அடுத்த வாரம் கெரேத்தா எடுத்துட்டு வர்றேன். பூவோட ஏத்திக்கிட்டுப் போயிடலாம்.”

உரம் வேலை செய்தது. கணுவுக்குக் கணு மொட்டு. என் கைக்கு அடங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பார்க்கிறேன், சுவர்ப் பக்கம் ஒளிந்திருந்த மொட்டு ஒன்று பருத்து, நுனியில் சந்தன நிறம் காட்டிக்கொண்டிருந்தது. கை நீட்டுவதற்குள் அம்மா குளிக்கக் கூப்பிட்டுவிட்டாள். அப்புறம் அப்பா அஞ்சடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தையின் பை எங்கே இருக்கிறது, அதை எங்கே ஒளிக்கலாம் என்று யோசித்தபடியே தூங்கிப் போனேன்.

விடிந்ததும் ஓடினேன். மொட்டு இல்லை. காம்பு நேராக, சுத்தமாக அறுபட்டிருந்தது.

மாமா சொன்னபடி கெரேத்தாவில் வந்து, கார்க் கதவைத் திறந்தே வைத்தார். குனிந்து இலை இலையாக விலக்கித் தேடினார். நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தையும் அவரைப் பார்த்தாள்.

“பூக்கலியே,” என்றாள்.

அப்பா கொடுத்த நாற்காலியில் அன்று மாமா உட்காரவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை. அத்தை சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

அந்த மொட்டைத் தின்றது யார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. மழைக்காலத்தில் எங்கள் அஞ்சடியில் நத்தைகள் ஊரும். மாமாவின் கெரேத்தா போன சாயங்காலம், அம்மா அரிய வைத்திருந்த சாவிக் கீரையில் ஓர் இலையை எடுத்துவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“யாருக்கு பாப்பா விருந்து?” என்றாள் அத்தை.

“நத்தைக்கு. அதுதான் மொட்டத் தின்னுச்சு. நல்ல நத்தை அத்தை.”

அத்தை குனிந்து என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“இன்னொரு எல வையி. பாவம், ராத்திரி கண்ணு முழிச்சு வேல செஞ்சிருக்கு.”

நான் இன்னொன்று வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தபோது இரண்டும் வைத்தபடியே கிடந்தன. நத்தைக்குச் சாவிக் கீரை பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.