இடப்பக்கத்துப் பெட்டி

என் மகள் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் லேக் மார்க்கெட் அருகே எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கின்றன. கல்லூரியில் இயற்பியல் கடைசி வருடம் படித்தபோது, மின்சாமான்கள் விற்கும் சாந்தினி சந்தையில் ஒவ்வொரு உறுப்பாகத் தேடி வாங்கி, பலகை அறுத்து, கம்பிகளைப் பற்றவைத்து, நான்கு மாதத்தில் அவளே செய்தாள். ஒலிப்பதிவு கற்றுத்தரும் ஒரு நிறுவனத்தில் சேர நினைத்திருந்தாள். நேர்முகத் தேர்வில் இந்தப் பெட்டிகளைப் பற்றித்தான் பேசப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பழைய ஸ்பீக்கர்கள் பழுதாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் அலமாரியில் சும்மா கிடந்தன. முதல் நாள் மாலை அவள் பெட்டிகளை அவற்றோடு இணைத்து ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டாள். நானும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து கேட்டோம். பத்து நிமிடம் கழித்து நான் வாயைத் திறந்தேன்.

"இடது பக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கு."

"நல்லா இருக்குன்னு முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

நல்லா இருக்கு என்று சொன்னேன். ஆனால் இடது பக்கம் குறைவாக ஒலித்ததும் உண்மைதான். மகள் இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமா, கம்மிதான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சோதனையில் இறங்கினேன். முறை எளியது. இடது கம்பியை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருக வேண்டும். குறை பக்கம் மாறினால் பழுது அந்த இணைப்புக்கு முன்னால் இருக்கிறது. மாறாவிட்டால் பின்னால் இருக்கிறது. கார்டன் ரீச் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கணக்குகளைச் சரிபார்த்தவனுக்கு இது பிடித்தமான வேலை. "ஆபீஸ் ஆடிட் வீட்டுக்கே வந்தாச்சு" என்று மனைவி சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனாள். மதியத்துக்குள் முடித்துவிட்டேன். கம்பிகளை மாற்றிய பிறகும் இடது பக்கமே குறைந்து ஒலித்தது. பிளேயர் நன்று, ஆம்ப்ளிஃபயர் நன்று, இடது பெட்டியில் குறை என்று டைரியில் எழுதினேன்.

எங்கள் வீட்டில் டைரியில் இருப்பதற்கு மேல்முறையீடு கிடையாது. சிலிண்டர் வந்த நாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது வரை அதைப் பார்த்துத்தான் தீர்ப்பு. குழந்தையாக இருந்தபோதே மகள், "டைரில இருக்கா? அப்ப சரி" என்று விட்டுக்கொடுக்கப் பழகியிருந்தாள்.

அவள் இடது பெட்டியைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பிரித்தாள், மறுபடி பற்றவைத்தாள், கொண்டுவந்து வைத்தாள். குறை போகவில்லை. இரண்டாம் முறையும் பிரித்தாள். பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதைத் திரும்ப வைத்த பிறகும் குறை முழுக்கத் தீரவில்லை. அன்று கேட்டாள்:

"அப்பா, ஏக்பார், ஒரே ஒரு தடவை, ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வெச்சுப் பாக்கலாமா?"

"அதெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சும்மா. டைரில பாரு."

அவள் போய்ப் பார்க்கவில்லை. நான் சொன்னதே போதுமென்று இருந்துவிட்டாள். பெட்டிகளை இடம் மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்துபோனது. மனைவி கேட்டதற்கு, "எனக்குக் கை வரலம்மா. சும்மா ஆசைப்பட்டேன்" என்றாள். அடுத்த வருடம் வங்கித் தேர்வு எழுதி ராஞ்சியில் ஒரு கிளையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெட்டிகளைப் பரணில் ஏற்றினோம். நிலையான வேலை கிடைத்ததில் எனக்கு நிம்மதி. சோதனையை மறுபடி செய்ய நான் மறுத்ததில் அப்படியொரு நிம்மதிக்கான ஆசை சிறிதும் கலந்திருக்கவில்லை என்று என்னால் எழுத முடியவில்லை.

சென்ற ஆண்டு சென்னைக்கு மாற்றலாகிப் போன அலுவலக நண்பர் தன் ஸ்பீக்கர்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் வாங்கியவை. இணைத்துக் கேட்டேன். இடது பக்கம் குறைவாக ஒலித்தது.

பழைய டைரியை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைப் படித்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'அலமாரியை இரண்டு முறை நகர்த்த வேண்டாம் என்பதால், பிளேயர் கம்பிகளையும் ஸ்பீக்கர் கம்பிகளையும் ஒரே சமயத்தில் மாற்றினேன்.'

ஒரு ஜோடியை மாற்றிக் கேட்டு, அதைப் பழையபடி வைத்த பிறகே அடுத்த ஜோடியை மாற்றியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றியதால் பிளேயரின் இடது பக்கத்து ஒலி ஆம்ப்ளிஃபயரில் வலதுக்குப் போய், மறுபடி இடது பெட்டிக்கே வந்து சேர்ந்துவிட்டது. நான் எதையும் சோதிக்கவே இல்லை. பிளேயரின் பின்னால் இடது கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். முனையில் பச்சையாகக் களிம்பு. என் பழைய ஸ்பீக்கர்கள் பழுதான வருடம் மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்ததன் விளைவு. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். இரண்டு பக்கமும் சமமாக ஒலித்தன.

மகளை அழைத்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"எந்த முனை? பிளேயர் பக்கமா?"

"ஆமாம்மா. என் தப்புதான். உன் பெட்டியில ஒண்ணும் இல்ல."

"ம்." பிறகு லேசாகச் சிரித்தாள். "டைரில அடிச்சுட்டீங்களா?"

"அடிக்கல. கீழ இன்னிக்குத் தேதி போட்டு எழுதியிருக்கேன்."

"அச்சா. கவுன்ட்டர்ல ஆள் நிக்கறாங்கப்பா, அப்புறம் பேசறேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றே அவளுடைய பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கி இணைத்தேன். இப்போது இடது பக்கம் வலதைவிட ஓங்கி ஒலித்தது. கம்பிகளை இந்த முறை ஒவ்வொரு ஜோடியாக மாற்றிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, பெட்டிதான்.

பூஜை விடுமுறைக்கு அவள் வந்திருந்தபோது அதே வீணைக் கச்சேரியைப் போட்டேன். சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து கேட்டாள்.

"இடது ஜாஸ்தியா இருக்கு" என்றாள் அவளே. "ரெண்டாவது தடவை பிரிச்சப்ப இதோட சத்தத்தை நான்தான் ஏத்தி வெச்சேன். உங்களுக்குக் கம்மியாக் கேக்குதேன்னு."

"திறந்து சரி பண்ணிடேன். சாமான் எல்லாம் வாங்கித் தரேன்."

"சால்டரிங் அயர்னே இல்லப்பா. ராஞ்சிக்குப் போறப்ப ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டேன்."

"புதுசு வாங்கலாம். நாளைக்கே சாந்தினி போலாம்."

"எதுக்குப்பா? ஆம்ப்ளிஃபயர்ல பேலன்ஸ் நாப் இருக்கே, கொஞ்சம் வலது பக்கம் திருப்பினாப் போதும்."

எழுந்து தானே அதைத் திருப்பினாள். காதால் அளந்து, ஒரு கோடு தள்ளி நிறுத்தினாள். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன. பிறகு அம்மாவோடு தெருக்களில் போட்டிருந்த பூஜைப் பந்தல்களைப் பார்க்கக் கிளம்பிப் போனாள். கச்சேரி முடியும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.