பேர் இல்லாத கரை

அந்த வரைபடம் முதலில் விரிந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். தஞ்சாவூர் வீதிகளின் மேல் சிவப்புப் பொட்டுகள். இந்த ஊரில் நடக்கும் பழைய நாவல்களையெல்லாம் கணினியில் ஏற்றி, எந்த வீதியின் பெயர் எங்கே வருகிறது என்று அதையே தேடச் செய்திருந்தான். பெயர் வரவர அந்த இடத்துப் பொட்டு பெரிதாகும். தெற்கு வீதியில் மாதுளம்பழம் அளவுக்கு ஒன்று இருந்தது. "கதைல வர்ற பொம்பளைங்க நடமாட்டமெல்லாம் இங்கதாம்மா," என்றான். அதுதான் அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. பள்ளியில் வரலாறு கற்பிக்கிறவள் நான், பெருமையாக இருந்தது. திரையைப் படம் எடுத்து, துபாயில் இருக்கும் அவன் அப்பாவுக்கு அனுப்பினேன்.

அவனுடைய நெறியாளரை அவனைப் போலவே நானும் மேடம் என்றுதான் அழைப்பேன். குள்ளமான உருவம். ஸ்கூட்டரை நிறுத்தினால் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே பேசிக்கொண்டிருப்பார். ஒருமுறை வீட்டுக்கு வந்தவர் காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க பையன் கம்ப்யூட்டருக்குச் செருப்பே தேயாது டீச்சர். உக்காந்த எடத்துலயே ஊரச் சுத்திடும்," என்றார். மகன் சிரித்தான். மற்ற நெறியாளர்களைப் பற்றி மாணவர்கள் பயந்து பேசுவார்கள். இவரைப் பற்றிப் பேசும்போது அவன் குரலில் பயம் இருந்ததில்லை. அதனால்தான் அவரிடம் ஒரு தவறை மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

தவறை அவனேதான் கண்டுபிடித்தான். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரம் நெருங்கியபோது, அந்த நாவல்களில் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்திருக்கிறான். அதுவரை கணினி வெட்டித் தந்த வரிகளைத்தான் பார்த்திருந்தான். அந்தக் கதையின் நாயகிக்குப் பிறந்த வீடு தெற்கு வீதியில். புகுந்த வீட்டில் அவளை எங்கும் விடுவதில்லை. அதனால் பக்கத்துக்குப் பக்கம் தெற்கு வீதி, தெற்கு வீதி என்று சொல்லி ஏங்குகிறாள். ஒருமுறைகூட அங்கே போகவில்லை. கணினி அவளுடைய ஏக்கத்தையெல்லாம் நடையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மற்ற நாவல்களைப் புரட்டினால் அவற்றிலும் அதே கதை. மேடமிடம் சொன்னான். ஒப்படைப்பதை நிறுத்திவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் என்னிடம், "எல்லாம் நல்லா போவுதும்மா," என்றான்.

மறுநாள் மாலை அவன் கைபேசி அணைந்திருந்தது. நண்பர்களுக்குத் தெரியவில்லை. நான் மேடமை அழைத்தேன். நடந்தது எல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஸ்கூட்டரில் வந்து, "ஏறுங்க டீச்சர்," என்றார். நான் பின்னால் உட்கார்ந்து, அவன் போகக்கூடிய இடங்களை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன். நூலகம், புது பஸ் ஸ்டாண்டு, மேலவீதியில் ஒரு டீக்கடை. ஓரிடத்திலும் இல்லை. கீழவாசலில் வண்டியை ஓரம்கட்டினார். "இதெல்லாம் அவன் வீட்ல பேர் சொல்ற எடம். அவன் கால் எங்க போவுதுன்னு யோசிங்க," என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. சில வாரங்களாக அவன் செருப்பில் ஈர மணல் ஒட்டியிருந்தது. வாசலைக் கூட்டும்போது சலித்துக்கொண்டதுண்டு. அதை மேடமிடம் சொன்னேன். ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் வடவாறு ஓடும் கரந்தைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

வடவாற்றங்கரையில், தண்ணீரைத் தொடும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இன்னும் பொழுது சாயவில்லை. நான் வண்டி அருகிலேயே நின்றுவிட்டேன். மேடம் ஹெல்மெட்டோடு இறங்கிப் போய், அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த படியில் உட்கார்ந்தார்.

"அந்த நாவல் பொண்ணு வேற எங்கதாண்டா நடந்தா?"

"ஆத்துக்குத்தான் மேடம். தண்ணி எடுக்க. அதுக்கு மட்டுந்தான் விட்டாங்க. கதைல இந்தக் கரைக்குப் பேரே இல்ல. மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அத எழுது."

"முடியாது மேடம்."

"முடியலன்னா விடு. வேற வேல பாரு. ஒண்ணும் குடி முழுகிப் போவாது. ஆனா முடியலங்கறத வீட்ல வந்து சொல்லு. உங்கம்மா என் தோள்பட்டையப் பிடிச்ச பிடில கை மரத்துப்போச்சு."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அன்று எதற்காக அங்கே போய் உட்கார்ந்தான் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. அவன் கைபேசி இரண்டு முறை மணி அடித்தும் எடுக்காவிட்டால் இப்போதும் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

மேடம் ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் அவனுக்குக் கால நீட்டிப்பு வாங்கித் தந்துவிட்டுத்தான் போனார். இப்போது அவன் நாவல்களை வரிவரியாகப் படிக்கிறான். யார் எங்கே போனார்கள், யார் எங்கே போகத் தவித்தார்கள் என்று இரண்டு நிறங்களில் குறிக்கிறான். வேலை மெதுவாக நகர்கிறது. முடியுமா என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "இந்தத் தடவையும் தப்பாப் போயிடுமோன்னு பயமா இருக்கும்மா," என்றான். நான் கேட்காமல் அவனாகச் சொன்னான். நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். தட்டில் கை காயும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.