மஞ்சளான மாந்தோப்பு

புதிய சாலைக்குப் போகும் நிலங்களைக் கணினி வரைபடத்தில் தேர்ந்தெடுத்து, பரப்பைக் கூட்டுவதுதான் சித்தூரில் என் வேலை. தேர்ந்தெடுத்த நிலம் மஞ்சளாகும். மொத்தம் கீழே தெரியும்.

பாலசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். மாங்காய்ப் பால் பட்டுத் தழும்பேறிய கைகள். எதையும் தொடுமுன் விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வார். திரையில் தன் தோப்பையும் அப்படித்தான் தொட்டார்.

"இத்த மட்டும் எடுத்துட்டுக் கூட்டிப் பாரு சார்."

எடுத்தேன். மொத்தத்தில் கடைசி இலக்கங்கள்தான் மாறின.

"இவ்ளோதான் கொறையுதா? அப்போ எங்கள்த வுட்டுடலாமே!"

சாலை அதன் நடுவே போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "மேல சொல்றேம்மா" என்றேன்.

கும்பிட்டார். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் படியிறங்கியதும் தோப்பை மறுபடி மஞ்சளாக்கினேன். துடைத்த விரலாயிற்றே, திரையில் அவர் தொட்ட தடம்கூட இல்லை.