முகாமும் காவலரணும்

எங்கள் ஊரில் இராணுவம் நிற்கும் எந்த இடத்துக்கும் பெயர் ‘காம்ப்’. முந்நூறு பேர் இருந்தாலும் காம்ப், மூன்று பேர் இருந்தாலும் காம்ப். ஒட்டுசுட்டான் பக்கமுள்ள எனது காணியை விடுவிக்கும்படி விண்ணப்பம் எழுதியபோது, அதையே நல்ல தமிழில் ‘முகாம்’ என்று எழுதினேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்தவனுக்கு அந்தச் சொல்லில் சந்தேகம் வரவில்லை.

காணி இரண்டு ஏக்கர். அதன் ஒரு மூலையில், கிணற்றையும் உள்ளடக்கி முட்கம்பி அடித்திருந்தார்கள். மிச்ச நிலத்தில் பயிர் வைக்கலாம், தண்ணீர்தான் இல்லை. நூற்றிருபது மிளகாய்க் கன்றுக்கு நானும் மனைவியும் பக்கத்து வளவிலிருந்து வாளியில் சுமந்தோம். ஒரு நேரத்துக்கு நாற்பது வாளி. அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

நான்கு வருடம் பதில் இல்லை. பதினோராவது தடவை பிரதேச செயலகத்துக்குப் போனபோது, காணிப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த பெண் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

“ஐயா, அங்க எத்தினை பேர் நிக்கினம்?”

“ரெண்டு பேர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆள் மாறும். மண்மூட்டை எழுபத்திநாலு, தகரம் ஒன்பது.”

“சமைக்கிறவையோ?”

“இல்லைப் பிள்ளை. சாப்பாடு சைக்கிளில வரும்.”

“அப்ப அது முகாம் இல்லை ஐயா, காவலரண். முகாமெண்டால் கோப்பு கொழும்புக்குப் போயிடும். காவலரணெண்டால் இஞ்ச இருக்கிற ஆமிப் பெரியவரே கம்பியைத் தள்ளி அடிக்கச் சொல்லலாம்.”

சமைத்து, உறங்கி, கொடியேற்றிப் படை தங்குவது முகாம். முறைவைத்து வந்து நின்று காவல் பார்த்துவிட்டுப் போவது காவலரண். தோளில் தொங்கும் துவக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

வீட்டில் சொன்னேன்.

“மூட்டையை எண்ணினியள், தகரத்தை எண்ணினியள். அடுப்பு இருக்கோ எண்டு பாக்கேல்லையோ?” என்றாள் மனைவி.

புதிதாக எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பதாம் நாள் ஓர் இராணுவ அதிகாரி வந்து பார்த்து, கம்பியைப் பதினாறு அடி தள்ளி அடிப்பித்தார். மண்மூட்டைகள் உள்ளே, கிணறு வெளியே. சேறு அள்ள இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் மனைவி கன்றுகளுக்கு அதிலிருந்தே இறைத்தாள்.

எங்கள் ஒழுங்கையில் இப்படிக் காவலரண் நிற்கும் காணிக்காரர் எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். ஆறு வீட்டுக் கோப்புகளில் என் கையெழுத்தில் ‘முகாம்’ என்றே இருக்கிறது. இரண்டு வீட்டில் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் சிரிக்கவில்லை. இன்னும் நான்கு வீட்டுக்குப் போக வேண்டும்.