கோட்டை வாசற் கருங்கல்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லாரும் மதிலின் மேல் ஏறி நின்றுதான் கதைப்பார்கள். கடற்காற்று, அகழி, பீரங்கி வைத்த இடம் என்று வாய் ஓயாது. எனக்கு அந்த மதில் தெரிந்தது கீழே இருந்து. மாதத்தில் ஒரு நாள் அம்மாவோடு அகழிப் பாலத்தடியில் வெயிலில் காத்து நின்றுதான் அதைப் பார்த்தேன். உள்ளே மறியல்வீடு, அதாவது சிறை, இருந்தது. மறியலில் என் அண்ணை இருந்தார்.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. கோப்பாயில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். சரித்திரப் பாடமும் என் தலையில்தான் விழுந்திருந்தது. ஆகையால் காத்து நின்ற நேரங்களில் அந்த மதிலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பறங்கியர் முதலில் கட்டியது நாலு மூலைக் கோட்டை. ஒல்லாந்தர் வந்து அதை இடித்து ஐந்து மூலையாகக் கட்டினார்கள். முழுக்க முருகைக்கல், கடலிலிருந்து வெட்டியெடுத்த, துளை துளையான வெள்ளைக் கல். சுண்ணாம்புச் சாந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மதிலின் முகம் நேரே நிமிர்ந்து நிற்காது, கொஞ்சம் பின்சாய்ந்திருக்கும். முதுகுப் பக்கத்தில் மண்ணை மலைபோலக் குவித்திருக்கிறார்கள், குண்டு விழுந்தால் மண் வாங்கிக்கொள்ளட்டும் என்று. மூலைகள் வெளியே கூராக நீண்டிருக்கும். ஒரு மூலையில் நிற்கிற காவற்காரனுக்கு அடுத்த மூலையின் அடிவரைக்கும் தெரியும். எதிரி ஒளிந்து நிற்க மதிலடியில் ஓர் இடமும் இல்லை. இவ்வளவு மூளையைச் செலவழித்துக் கட்டிவிட்டு, இங்கிலீசுக்காரன் வந்து நின்றதும் ஒரு வெடியும் வைக்காமல் திறப்புக் கொத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு அந்தக் கோட்டை எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அடைத்து வைக்கத்தான் உதவியது.

அண்ணை களவெடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. வேலிக்காகப் போனார். யாழ்ப்பாணத்து வேலிக்குக் கால் முளைத்திருக்கிறது என்று பகிடியாகச் சொல்வார்கள். வருசத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போது பழைய கதியாலைப் பிடுங்கி, வேர் விடுகிற புதுக் கொம்புகளைக் கதியாலாக நடுவோம்; அந்தச் சாட்டில் வேலி ஒரு சாண் அங்காலே நடந்துவிடும். அடுத்த வருசம் பக்கத்து வளவுக்காரன் அடைக்கும்போது அது இங்காலே திரும்பி நடக்கும். எங்கள் பக்கத்து வளவுக்காரர் வேறு யாருமில்லை, அம்மாவின் ஒன்றுவிட்ட தமையன். நாங்கள் அம்மான் என்றுதான் கூப்பிடுவோம். சிறுவயதில் அந்த அம்மானின் தோளில் ஏறித்தான் அண்ணை நல்லூர்த் தேர் பார்த்தார். அந்த வருசம் அம்மான் நட்ட கதியாலை எங்கள் தகப்பன், நாங்கள் அப்பு என்று கூப்பிடுகிறவர், போய் ஆட்டிப் பார்த்தார். வாய்ச்சண்டை வந்தது. அப்புவுக்குப் பக்கத்தில் வேலிக்குத் தென்னங்கிடுகு கட்டிக்கொண்டு நின்ற அண்ணையின் கையில் கத்தி இருந்தது. அம்மானின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வேலி பயிரை மேய்ந்தது என்பார்கள். எங்கள் வீட்டு வேலி பிள்ளையை மேய்ந்தது.

கோட்டில் வழக்கு நடந்தபோது அண்ணை அதிகம் பேசவில்லை. ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு, கோபத்தில் வெட்டினேன் என்றார். அவ்வளவுதான். இரண்டு வருட மறியல் கிடைத்தது.

ஒவ்வொரு மாதமும் அம்மாவும் நானும் போய்வந்தோம். அப்பு ஒருநாளும் வரவில்லை. அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஊரில் எவரும் அதைப் பிழை சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

காரணம் ஒரு கல். மதிலின் தடிப்பைக் குடைந்து குகை மாதிரி அமைத்த வாசலால்தான் கோட்டைக்குள் போகவேண்டும். அந்த வாசலின் நிலத்தில் குறுக்காக ஒரு பெரிய கருங்கல் பதித்திருந்தது. சுற்றிவர எல்லாம் வெள்ளை முருகைக்கல். இது மட்டும் கறுப்பு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. யாழ்ப்பாணத்து மண்ணை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டினாலும் கருங்கல் வராது. இங்கே ஒரு கருங்கல்லைக் கண்டால் அது கோயிலுக்கென்று கடல் தாண்டி வந்த கல்லாகத்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் சனங்களின் கணக்கு. நல்லூரின் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லால்தான் பறங்கியர் கோட்டை கட்டினார்கள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. பிறகென்ன? வாசற் கருங்கல் கந்தசுவாமியாருடைய கல் ஆகிவிட்டது. உள்ளே போகிற சைவச் சனம் அதில் கால் படாமல் தாண்டிப் போகும். சில பெண்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் மடியிலிருந்து ஒரு பூவை எடுத்து அதன் ஓரத்தில் வைப்பார். சிப்பாய்மார் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். அம்மா அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்புவுக்குத் தாண்டுவதும் பாவம். சுவாமியின் கல்லை வாசற்படியாக்கி வைத்திருக்கிற வீட்டுக்குள் தான் போகமாட்டேன் என்றார். அடுத்த முறை வாருங்கள், அடுத்த முறை வாருங்கள் என்று அம்மா கெஞ்சுவார். அப்பு விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு புகையிலைத் தோட்டத்துக்கு இறங்கிவிடுவார்.

அண்ணை ஒவ்வொரு முறையும் கம்பிக்கு அங்காலே வந்து நின்று, முதலில் எங்களுக்குப் பின்னால் பார்ப்பார். அப்பு வரவில்லை என்று கண்டபிறகுதான் எங்கள் முகத்தைப் பார்ப்பார். வாய் திறந்து ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பார்வையைத் தாங்க ஏலாமல் நான் உடனே ஏதாவது ஊர்க்கதையை அவிழ்த்துவிடுவேன்.

இரண்டாம் வருச மாரியில் நல்ல மழை. வாசலில் வண்டிச் சில்லு ஏறி ஏறி நிலம் தாழ்ந்து போய், அந்தக் கருங்கல் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நாங்கள் போன அன்று கூலியாட்கள் அதைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களை ஒரு கரையில் நிற்கச் சொன்னார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். இரும்பு அலவாங்கைக் கீழே கொடுத்து நெம்பினார்கள். கல் எழும்பியது, ஆடியது, மறுபக்கம் புரண்டது.

அடியில் ஒரு மண்டையோடு செதுக்கியிருந்தது. அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பு. சுற்றிவர ஒல்லாந்த எழுத்து. எனக்கு அந்தப் பாசை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோட்டைக்குள் இருக்கிற ஒல்லாந்தர் தேவாலயத்தின் நிலத்தில் இந்தமாதிரிக் கல் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் செத்தவர்களைப் புதைத்து மேலே மூடுகிற கல். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் அதைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு வாசற்படி ஆக்கியிருக்கிறார்.

அம்மாவின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. இத்தனை காலமும் வைத்த பூவெல்லாம் ஓர் ஒல்லாந்தப் பிரேதத்துக்கோ என்ற யோசனை அவருடைய முகத்தில் ஓடியது. எனக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோசம். சிரிப்புக்கூட வந்தது. இனி அப்புவுக்குச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு அண்ணை நடந்து வரவில்லை, ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார். காய்ச்சல். அந்த வருசம் எங்கும் காய்ச்சல்தான். எங்கள் ஒழுங்கையிலேயே வீட்டுக்கு ஒருவர் பாயில் கிடந்தார்கள். அண்ணை கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல எங்களுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு முதன்முறையாகக் கேட்டார்: "அப்பு என்னிலை கோபமே?"

வீட்டுக்கு வந்து படலையைத் திறந்ததும் திறக்காததுமாக நான் கல்லின் கதையைச் சொன்னேன். கோயில் கல் இல்லை, மண்டையோடு இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அப்பு வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிரேதக் கல்லென்றால் அதைத் தாண்டுவது துடக்கு, தீட்டு அல்லவா என்றார். அம்மாவும், பாருங்கள் கூத்தை, ஓம் என்று தலையாட்டினார். அவரும் நானும் இன்னும் குளிக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய்க்காரி என்று பெயர். அந்தப் பெயரை அன்றைக்குக் காப்பாற்றினேன்.

"முந்திக் கோயில் கல்லெண்டு போகேல்லை. இப்ப செத்தவன்ரை கல்லெண்டு போகமாட்டியள். எந்தக் கல்லிலை நடந்து, அப்பு, உங்கடை பிள்ளையைப் பாக்கப் போறியள்? அவர் சாகப்போறார். நீங்கள் கோபமோ எண்டு கேக்கிறார்."

அப்பு என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படியே வேலியடியில் குந்தினார். தோளில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துவாயை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"கல்லிலை ஒண்டுமில்லைப் பிள்ளை. 'விடாதை, வெட்டடா' எண்டு இதிலை நிண்டு அவன்ரை காதுக்கை சொன்னது நான். அவன் கோட்டிலை அதைச் சொல்லேல்லை. அவன்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

அம்மாவுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். அவர் கிணற்றடிக்குப் போனார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்கவேயில்லை.

காய்ச்சலில் கிடக்கிற வருத்தக்காரனைப் பார்க்க விடச்சொல்லிக் கேட்டு, இரண்டொரு நாளில் மூவருமாகப் போனோம். கல்லைப் பழையபடியே, மண்டையோடு கீழே கிடக்க, வழவழப்பான பக்கம் மேலே வரப் பதித்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு கிழவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா மடியில் கை வைத்தார், பூவை எடுக்கவில்லை. அப்பு கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார். சுற்றிலும் அந்தத் தடித்த மதில், அதற்கு நடுவில் ஒரு மெலிந்த தோட்டக்காரன். அவர்மேல் எனக்கு இவ்வளவு காலமும் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் காலை உயர்த்தித் தாண்டினார். தாண்டிவிட்டு, அம்மாவையும் என்னையும் பாராமல் விறுவிறென்று நடந்தார்.

அண்ணை பாயில் கிடந்தார். அப்புவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. அப்பு பக்கத்தில் குந்தி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டார். தகப்பன் பிள்ளையின் காலைப் பிடிப்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அண்ணைதான் முதலில் கேட்டார்.

"வேலி என்ன மாதிரி, அப்பு?"

"பிடுங்கிப்போட்டன் மோனை" என்றார் அப்பு.

அது பச்சைப் பொய். காலையில் அந்த வேலிப் பக்கமாகத்தான் நாங்கள் வண்டி ஏறினோம். கதியால் துளிர்த்து, கிடுகு ஓட்டையில்லாமல் நின்றது. அண்ணை அதை நம்பினாரோ இல்லையோ, கண்ணை மூடிக்கொண்டார். முகம் லேசாகச் சிரித்தது.

பொழுதுபட வீட்டுக்கு வந்தோம். துடக்குக் கழிய அப்பு குளிக்கட்டும் என்று அம்மா கிணற்றடியில் வாளியோடு நின்றார். அப்பு அந்தப் பக்கம் போகவில்லை. மால் கொட்டிலுக்குள் கிடந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு நேரே எல்லைக்குப் போய் முதற் கதியாலைக் கிளப்பினார். வேர் விட்ட கதியால், லேசில் வராது. இடித்து, ஆட்டி, இழுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். சத்தம் கேட்டு அம்மான் தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார். விரல் போன கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தபடி நின்றார். எங்களுக்குப் பயம். அவர் கிட்ட வந்து, விழுந்து கிடந்த கிடுகுகளை இடக்கையால் இழுத்து ஒரு கரையில் அடுக்கத் தொடங்கினார். முழு வேலியும் விழுந்த பிறகுதான் அப்பு குளித்தார்.

அண்ணை அந்த வெறும் எல்லையைப் பார்க்கவில்லை. தைப்பொங்கலுக்கு முன்பே சாவுச் செய்தி வந்தது. எங்கள் வண்டி மாடும் வீட்டைப்போலச் சோர்ந்து கிடந்தது. அம்மான் தன் வண்டியைப் பூட்டிக்கொண்டு, வேலி நின்ற இடத்தால் எங்கள் முற்றத்துக்கு வந்தார். பெண்பிள்ளை வரக்கூடாது என்றார்கள். நான் ஏறி இருந்துவிட்டேன்.

வண்டியைப் பாலத்துக்கு வெளியே விட்டோம். அம்மானும், அவருடைய மகனும், எங்கள் சித்தப்பாமார் இருவரும் உள்ளே போய் அண்ணையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்பு முன்னால் நடந்தார்; நான் வாசலடியில் நின்று பார்த்தேன். குகை வாசலில் கருங்கல் வந்ததும் தூக்கினவர்கள் நால்வரும் நின்றார்கள். அதன் அடியில் என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை. பழக்கத்தில் காலை உயர்த்தித் தாண்டப் பார்த்தார்கள். பாரம் ஒரு பக்கம் சரிந்தது. அம்மானின் விரலில்லாத கை வழுக்கியது.

அப்பு திரும்பி வந்து அந்தக் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துப் பிடித்தார். பிறகு தன் இரண்டு காலையும் கல்லின் நடுவில் வைத்து நின்றார்.

"தாண்ட வேண்டாம். மிதிச்சு வாங்கோ. அது கல்லுத்தான்" என்றார்.

அவர்கள் மிதித்துக்கொண்டு வந்தார்கள்.