அறிமுகக் கையெழுத்து

மன்னாரிலிருந்து படகேறி வந்த நாளில் ரெஜினாவிடம் இருந்தவை இரண்டு சேலைகளும் கடல் தண்ணீரில் ஊறிப்போன கல்யாணச் சான்றிதழும்தான். கல்யாணம் செய்தவன் இல்லை. அதற்கு முந்தைய வருஷமே சண்டையில் போய்விட்டான். பன்னிரண்டு வருஷம் காசிமேட்டு இறால் கம்பெனியில் கிலோ கணக்கில் ஓடு உரித்து, விரல் நுனியெல்லாம் வெளுத்து, திருவொற்றியூர்க் குப்பத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்து, அவள் பதினோராயிரம் ரூபாய் சேர்த்திருந்தாள். எல்லாம் அரிசிப் பானைக்குள் இருந்தது. வாரச் சம்பளம் வரும் கவரைக்கூட அவள் தூக்கிப் போடுவதில்லை. மேலே பெயரும் உரித்த கிலோவும் எழுதிய அந்தக் கவர்களுக்குள்ளேயே மிச்சப்பட்டதை வைத்துக் கட்டிவிடுவாள்.

இரண்டாயிரத்து இரண்டு பிப்ரவரியில் அங்கே சண்டை நிறுத்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஊருக்குப் போகலாம், இடிந்த வீட்டுக்கு மறுபடி கூரை போடலாம் என்று அவளுக்கு ஆசை வந்தது. ஆசை வந்தால் கூடவே பயமும் வந்துவிடுகிறது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டில் திருட்டுப் போனதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

காசைக் கொடுத்து வைக்கத் தெருவில் எல்லோரும் சொன்ன பெயர் பக்தவச்சலம். வைத்த காசுக்கு வட்டியும் தருவாராம். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். ரெஜினாவுக்கு வட்டி என்றாலே ஆகாது. அவளுடைய அப்பாவின் வள்ளம் வட்டியில்தான் போனது.

"எனக்கு வட்டி ஒண்டும் வேண்டாம் ஐயா. காசு பத்திரமா இருந்தால் காணும்" என்றாள்.

இப்படி ஒரு கிராக்கி அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், எதிர்வீட்டு மீன்காரி பூவம்மா வாசலில் உட்கார்ந்து பக்தவச்சலத்திடம் வாங்கிவந்த தண்டல் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆயிரம் என்று பேசி எண்ணூற்றைம்பது கையில் கொடுப்பார்கள். நாளைக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். பூவம்மா கீழே போட்ட கவரை ரெஜினா சும்மா எடுத்துப் பார்த்தாள். இறால் நாற்றம் அடித்தது. மேலே 'ரெஜினா, 31 கிலோ' என்று சூபர்வைசர் கையெழுத்து. பூவம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரெஜினா கவரைக் கசக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஏப்ரலில் மீன்பிடித் தடை வந்தது. நாற்பத்தைந்து நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் இல்லாத மீன்காரி தண்டலுக்கு எங்கே போவாள்? ஒன்பது நாள் தவறியதும் பக்தவச்சலத்தின் ஆள் வந்து தராசையும் அலுமினிய அன்னக்கூடையையும் தூக்கிப் போனான். பூவம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அந்தச் சாபம் அத்தனையும் தன் தலையில் விழுவதாக நினைத்து ரெஜினா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

மறுநாளே போய்ப் பணத்தைத் திரும்பக் கேட்டாள். பக்தவச்சலம் கொஞ்சம் மனத்தாங்கலோடு எண்ணிக் கொடுத்துவிட்டார். அதில் ஆயிரத்தை எடுத்துப் பூவம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னாக்கா நீ, ஊருக்குப் போறவ துட்டுல கை வெக்கச் சொல்றே? பாவம் புடிக்கும். உள்ள வை" என்றாள் பூவம்மா.

கை ஏற்கெனவே வைத்தாயிற்று என்று எப்படிச் சொல்வது? ரெஜினா உள்ளே வைத்தாள்.

இனி இந்தக் காசு யார் வயிற்றிலும் அடிக்காத ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. சம்பளத்தில் அரைநாள் அரைநாளாக விட்டுக்கொடுத்து அலைந்தாள். தபால் ஆபீஸில் ரேஷன் கார்டு கேட்டார்கள். முதல் பேங்கில் காவல்காரரே திருப்பி அனுப்பினார். இரண்டாவது பேங்கின் மேனேஜர் நல்லவர். போலீஸ் ஸ்டேஷனில் பதிந்த அகதித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும்மா. ஆனா இந்தக் கிளையிலயே கணக்கு வெச்சிருக்கிறவர் ஒருத்தர் உங்களைத் தெரியும்னு கையெழுத்துப் போடணும்" என்றார்.

கம்பெனி சூபர்வைசர், சிலோன்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டால் போலீஸ் வம்பு என்று ஒதுங்கினார். மாதா கோவில் சாமியாருக்குக் கணக்கு மயிலாப்பூரில் இருந்தது. தெருவில் வீடு வீடாகக் கேட்டாள். அந்தக் கிளையில் கணக்கு இருந்தது ஒரே ஓர் ஆளுக்கு.

"இன்னா சிலோன்காரம்மா, என்னை நம்பாம எத்துகினு போனே. இப்ப என் கையெழுத்தே வோணுமா?" பக்தவச்சலம் சிரித்தார். "பரவால்ல. நான் எதையும் மனசுல வெச்சுக்கறவன் இல்ல."

பேனாவை உதறி நீளமாகக் கையெழுத்திட்டார். ரெஜினா நன்றி சொன்னாள். சொன்ன வாய் கசந்தது.

காசு கம்பிக்கு அந்தப்பக்கம் போய், முத்திரை குத்தி, பாஸ் புத்தகம் கைக்கு வந்தது. மனசு கேட்காமல் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சேர், நான் போட்ட காசை நீங்கள் என்ன செய்வியள்?"

"இருபது வருஷ சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதில்லம்மா. பூட்டியா வைக்க முடியும்? கடன் கொடுப்போம்."

"ஆருக்கு?"

"நல்ல பார்ட்டிக்குத்தான். உங்களுக்குக் கையெழுத்துப் போட்டாரே, அவருக்கே போன வாரம் மூணு லட்சம் கொடுத்தோம். ஒரு தவணை தப்பாத மனுஷன். நீங்க நிம்மதியா போங்க."

திருப்பித் தாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். வாங்கி எங்கே வைப்பது? வந்த நாட்டில் அவளுக்குத் தெரிந்த இடம் மூன்றே மூன்று. ஒன்று திருடனுக்குத் திறந்து கிடந்தது. மற்ற இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தன. பாஸ் புத்தகத்தோடு வெளியே வந்தாள்.

தடை முடிந்திருந்தது. தெருமுனையில் பூவம்மா தராசு இல்லாமல், சாக்கை விரித்து மீனைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தாள்.

"பேங்குல போட்டுட்டியாக்கா? நல்ல எடமா?"

"ஓம்" என்றாள் ரெஜினா.

"பக்தவச்சலம்தான் கையெழுத்துப் போட்டாராமே. சொன்னாங்கோ. நானும் ராவா பகலா திட்டிக்கினு இருந்தேன், அந்தாளு அவ்ளோ மோசம் இல்ல. பழைய பாக்கியக் கழிச்சுக்கினு புதுசா தண்டல் தரேன்றாரு. பேங்குலேந்து துட்டு வந்துகீதாம். தராசை மீட்டுடுவேன்."

ரெஜினா பாஸ் புத்தகத்தை இடுப்பில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறகு குனிந்து, வேண்டாத ஒரு கூறு மீனை விலை கேட்காமல் வாங்கினாள்.